குளிர் போகிற பக்கம்

இரண்டு புள்ளி நான்கு என்று வந்தது. மணிமொழி கால்குலேட்டரை அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். உள்ளே போகிற காற்றின் சூடு, வெளியே வருகிற காற்றின் சூடு, தகரக் குழாய்க்குள் காற்று ஓடுகிற வேகம், ஒயரைக் கவ்விக்கொண்டிருந்த மீட்டர் காட்டிய கரண்டு. எல்லாவற்றையும் பெருக்கி வகுத்தால் மறுபடியும் அதே இரண்டு புள்ளி நான்கு. சின்னசேலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த, ஜவ்வரிசி செய்கிற அந்தச் சேகோ பேக்டரிக்கு வெளியே கார்த்திகை மாதத்து மூட்டம் இன்னும் கலையவில்லை. கல்வராயன் மலை இருக்க வேண்டிய இடத்தில் மலையைக் காணோம். துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. களத்தில் காயவைக்க வெயில் இல்லாததால் ஈர ஜவ்வரிசி தட்டுத் தட்டாக உலர்த்தும் அறைக்குள் அடுக்கியிருந்தது. முதலாளி காசிநாதன் ஆபீஸ் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ முடிந்ததும் வருவார். வந்தால் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்வி. மூணு வந்துச்சா?

அந்த மூன்று என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை உங்களை வழியில் விட்டுவிட்டு முன்னால் போய்விடும். உலர்த்தும் அறைக்குச் சூடான காற்று அனுப்ப ஒரு மாதமாக அங்கே ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்கு ஹீட் பம்ப் என்று பெயர். அது அடுப்பு மாதிரி சூட்டை உண்டாக்குவதில்லை. ஓரிடத்தில் கிடக்கிற சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் இறக்குகிறது. கிணற்று மோட்டார் தண்ணீரை இறைக்கிற மாதிரி இது சூட்டை இறைக்கிறது. ஒரு பங்கு கரண்டைத் தின்றுவிட்டு எத்தனை பங்கு சூட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்பதுதான் அந்த எண். கிணற்றில் தண்ணீர் மேலே நின்றால் மோட்டார் சுகமாக இறைக்கும், அடியில் போய்விட்டால் திணறும் இல்லையா? இதுவும் அப்படித்தான். எடுக்கிற இடம் வெதுவெதுப்பாக இருந்தால் எண் ஏறும். சில்லென்று இருந்தால் இறங்கும். "மூணுக்கு மேல வந்தா வெச்சிக்கிறேன். கீழ வந்தா கழட்டிக்கினு போய்டுங்க. எனக்கு வெறகே போதும்" என்று முதல் நாளே காசிநாதன் சொல்லியிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால், இயந்திரம் விற்கிற கம்பெனியின் இன்ஜினியரான மணிமொழி காகிதத்தில் மதிப்புப் போட்டபோது மூன்று புள்ளி இரண்டு என்று எழுதிக்கொடுத்திருந்தாள். அவள் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்கிற முதல் வேலை அது.

அந்தப் பேக்டரியில் வருஷம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கிற இடம் ஒன்றுதான், வறுக்கிற கொட்டகை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்து, மாவைக் குலுக்கி உருட்டி, அந்த ஈர உருண்டைகளை எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் கொட்டி வறுப்பார்கள். அதற்கப்புறம்தான் உலர்த்துவது. பாயசத்தில் கண்ணாடி மணி மாதிரி மிதக்கும்போது நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டில் அது ஆவி விட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பெண்களைப் படுத்துகிற பாட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தட்டு வரிசைக்குக் கீழே விறகு எரியும். மேலே பெண்கள் நின்று மரத்துடுப்பால் தள்ளித் தள்ளிப் புரட்டுவார்கள். முகத்தில் அனல், முழங்காலில் அனல், மூச்சிழுத்தால் மாவு வாசத்தோடு அனல். இவ்வளவு சூடும் கூரை வழியாகச் சும்மாதானே போகிறது என்று நினைத்து, மணிமொழி இயந்திரத்தின் வாயை அந்தக் கொட்டகைச் சுவரில் வைத்தாள். வாய் வழியாக அனலை உறிஞ்சி, சூட்டை மட்டும் பிடித்து உலர்த்தும் அறைக்கு அனுப்பிவிட்டு, மிச்சக் காற்றைப் பின்னால் குளிராக விட்டது இயந்திரம். அந்தக் குளிர் சுவருக்கு வெளியே போய் ஒரு தென்னை மரத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

குஞ்சம்மாள்தான் அதை முதலில் கண்டுபிடித்தாள். கை கழுவ வெளியே போனவள் மரத்தடியில் நின்றுவிட்டாள். "இந்தத் தென்ன மரம் இன்னா புண்ணியம் பண்ணிச்சோ மேடம், ஊட்டில கீற மாரி நிக்குது" என்றாள். அவளுடைய இடது முன்னங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மினுமினுவென்று இருந்தது. ஆவணி மாதத்தில் தட்டின் முன்னால் மயங்கி விழுந்தபோது பட்ட சூடு. அன்றைக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பிய காசிநாதன், "இன்னொரு தபா இப்டி வுழுந்தா வறுவல் பக்கம் வராத குஞ்சம்மா. எதனா ஆயிப்போனா ஆரு பதில் சொல்றது? வூட்டோட இருந்துக்க" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் குஞ்சம்மாளுக்கு வீட்டோடு இருக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் நர்ஸ் படிப்புப் படிக்கிற மகள் தேவதர்ஷினிக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அதனால் மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் துடுப்பை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு நாள் அதைப் பார்த்த மணிமொழி மூன்றாம் நாள் பேக்டரியின் பிட்டர் வெற்றிவேலைக் கூப்பிட்டு, குளிர் போகிற குழாயில் ஒரு தகட்டுக் கதவு வைக்கச் சொன்னாள். நைலான் கயிற்றை இழுத்தால் குளிர் கொட்டகைக்குள் விழும். விட்டால் தென்னை மரத்துக்குப் போகும். கயிற்றை இழுத்துக் கட்டிய அன்று பெண்கள் தட்டை விட்டுவிட்டு அந்தக் காற்றுக்குக் கீழே வந்து நின்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒரு மாதமாகக் குஞ்சம்மாள் துடுப்பை ஊன்றவில்லை.

ஆனால் குளிர் உள்ளே விழுந்தால் கொட்டகையின் சூடு தணியும். சூடு தணிந்தால் இயந்திரத்துக்குக் கிணறு ஆழமாகிவிடும். கதவு உள்பக்கம் இருக்கிறபோது எண் மூன்றைத் தொடவில்லை என்பது மணிமொழிக்குத் தெரியும். இந்த ஒரு மாதமாகக் காசிநாதன் கேட்டபோதெல்லாம், கதவைக் கொஞ்ச நேரம் வெளிப்பக்கம் திருப்பி அளந்துதான் சொல்லிக்கொண்டு வந்தாள். நேற்று அவளுடைய மேலதிகாரி இளஞ்செழியன் போனில் சொன்னதும் அதுவேதான். "டெஸ்ட் முடியற வரைக்கும் குளிர வெளிய விட்டுடும்மா. அவர் கையெழுத்து போட்ட பின்னாடி அவங்க எந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா நமக்கென்ன? மிஷின் திரும்பி வந்துச்சுன்னா உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல." மணிமொழி சரி சார் என்றாள். இன்றைக்கு ஒரு நாள் தானே என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். காலையில் வேலைக்கு வந்த பெண்களை வாசல் கேட்டருகே நிறுத்தி, "அக்கா, இன்னிக்கி மிஷினுக்குப் பரீட்சை. அது பாஸானாதான் இங்க இருக்கும். இன்னிக்கி மட்டும் உங்களுக்குக் காத்து வராது. பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். குளிர் தென்னை மரத்துக்குப் போயிற்று. எண் ஏற வேண்டும். இறங்கியிருக்கிறது.

"இன்னாம்மா, மூணு வந்துச்சா?"

காசிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. போன வருஷம் இதே மாதத்து மழையில் களத்திலேயே புளித்துப்போன ஜவ்வரிசியை ஓடையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தவர். அந்தப் புளிச்ச வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது என்பார்.

"இன்னும் செட் ஆவலைங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றாள் மணிமொழி. சொல்லும்போதே கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்ததுதான் வினையாகப் போயிற்று. அவர் அதை எடுத்து நிமிர்த்தி, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ரெண்டே முக்கா கூட இல்லியேம்மா. ஒரு மாசமா மூணேகாலு, மூணேகாலுன்னு பாடிக்கினு இருந்த?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. திருநாவலூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்குத் தெரிந்தது. எங்கே தப்பு? காற்று வேகம் பார்த்த இடம் சரி. மீட்டர் சரி. கதவு வெளிப்பக்கம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். இருந்தது. தென்னை ஓலை ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் எப்போதும் ஆடுகிற மாதிரி இல்லை, ஏனோதானோவென்று ஆடியது.

வெற்றிவேல் இயந்திரத்தின் பக்கத்தில் குனிந்திருந்தான். "மேடம், உள்ள இழுக்கிற பக்கம் பிரஷர் எறங்கிக்கினே இருக்குது. மூச்சு முட்டுது இதுக்கு. காத்து வரல."

"காத்து வராம எங்க போவும்? கொட்டா பூரா காத்துதான கீது" என்றார் காசிநாதன். "வா, போய்ப் பாக்கலாம்."

அவர் முன்னால் போனார். அவள் பின்னால் போனாள். கொட்டகைக் கதவைத் தாண்டியதுமே தோல் சொல்லிவிட்டது. வழக்கமாக வாசலிலேயே முகத்தில் அறைகிற அனல் இல்லை. மேல் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மூட்டத்தின் ஈரக்காற்று உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. தரையெங்கும் தண்ணீர் தெளித்திருந்தது. தட்டுகளுக்குக் கீழே விறகை இழுத்துவிட்டு அடுப்பைச் சிணுங்க விட்டிருந்தார்கள். மேலே, இயந்திரத்தின் வாயாக இருந்த கம்பி வலையை மூடிக்கொண்டு மூன்று கோணிச் சாக்குகள். ஈரச் சாக்குகள். ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஸ்டூலின் மேல் ஏறி நின்று குஞ்சம்மாள் நாலாவது சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மணிமொழி அப்படியே நின்றாள்.

"இன்னா பண்றீங்க இங்க? அடுப்ப ஏன் அணைச்சி வெச்சிகீறீங்க?" காசிநாதனின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

"அணைக்கல மொதலாளி, கம்மி பண்ணிகீறோம்" என்றாள் ராணியம்மாள். வறுக்கிறவர்களில் மூத்தவள் அவள். யாருக்கும் பயப்படுகிற வழக்கம் இல்லை. "இன்னிக்கி மாப்ளைக்குப் பரீட்சையாமே. இந்த வெக்கையில எப்டி எழுதும் அது?"

இயந்திரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் புது மாப்பிள்ளை. வந்த நாளிலிருந்து எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், அது ஒரு வேலையும் செய்யாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறது என்று ராணியம்மாள் வைத்த பெயர் அது.

குஞ்சம்மாள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கையெல்லாம் ஈரம். "கயினில மோட்டர் சூடானா ஈரச் சாக்கு போட்டாதான் நின்னு ஓடும் மேடம். நடவுக்குப் போனப்பல்லாம் நான்தான் போடுவேன். இது பாவம், நாள் பூரா இந்த அனல முழுங்கிக்கினு கெடக்குது. நமக்கே மயக்கம் வருதே, அதுக்கு வராதா? இன்னிக்கி ஒரு நாளாவது குளுமையா இருந்து நல்லா ஓடட்டும்னு…" முதலாளியின் முகத்தையும் மணிமொழியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவள் நிறுத்திவிட்டாள். "தப்புங்களா?"

தப்புதான். அதற்கு அனல்தான் சோறு, நீங்கள் சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டீர்கள் என்று மணிமொழி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாதமாக அவள் இவர்களுக்குக் கதவைப் பற்றிச் சொல்லியிருந்தாள், பரீட்சையைப் பற்றிச் சொல்லியிருந்தாள். மிஷின் எதைத் தின்கிறது என்று மட்டும் சொல்லவே இல்லை. அது தோன்றியதும் தலை குனிந்தது. "தப்பு உங்க மேல இல்லக்கா" என்றாள் மெதுவாக. "சாக்க எடுத்துடுங்க. ஜன்னல சாத்திடுங்க. அடுப்ப எப்பவும் போல எரிய வுடுங்க."

"நெசமாவா?" என்றாள் ராணியம்மாள். "அனலுதான் வேணுமாமா அதுக்கு? அடிப்பாவி, மாப்ள இல்லடி இது, மாமியா."

யாரோ சிரித்தார்கள். காசிநாதன் சிரிக்கவில்லை. சாக்குகள் இறங்கின. விறகு உள்ளே தள்ளப்பட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட, கொட்டகை மெல்ல மெல்லத் தன் பழைய முகத்துக்குத் திரும்பியது. தட்டில் உருண்டைகள் படபடவென்று பொரியத் தொடங்கின. கழுத்துகளில் வேர்வை துளிர்த்து, துளிகள் ஒன்று சேர்ந்து, முதுகோடு இறங்கின. மேலிருந்து குளிர் வரவில்லை. ஒரு மாதம் பழகிவிட்ட உடம்புகள் அடிக்கடி தலையை உயர்த்திக் குழாயைப் பார்த்துக்கொண்டன. மணிமொழி உலர்த்தும் அறைப் பக்கம் போய் மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடி மறுபடி கணக்குப் போட்டாள். காசிநாதன் அவள் தலைக்கு மேலே நின்றார். இரண்டு புள்ளி ஏழு. இரண்டு புள்ளி ஒன்பது. தென்னை ஓலை இப்போது பேய் பிடித்த மாதிரி ஆடியது. மூன்று புள்ளி ஒன்று. கடைசியில் மூன்று புள்ளி மூன்றில் வந்து நின்று, அதற்கு மேல் நகரவில்லை.

"ஆங்" என்றார் காசிநாதன். ஒரு மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அந்த ஒரு சொல்லில் வெளியே வந்தது. "இதுதாம்மா வேணும். இனிமே மழ வந்தா வரட்டும், மூட்டம் வந்தா வரட்டும். புளிச்ச வாடையே இருக்கக் கூடாது." பிறகு அண்ணாந்து தகட்டுக் கதவைப் பார்த்தார். அவர் புத்திசாலி. பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்ப அந்தக் கதவு வெளிப்பக்கமா கீது. இப்டி கீறப்பதான் மூணு மேல வருது. அப்டித்தான?"

"ஆமாங்க."

"அப்ப இன்னாத்துக்குக் கயிறு? எவளாவது இழுத்து வுட்டா எறங்கிப் பூடும். டேய் வெற்றி, வெல்டிங் மிஷின எடுத்தா. தகட்ட இப்டியே ஒட்டிப் போட்ரு. கயித்த அறுத்துப் போடு."

சுவருக்கு அந்தப் பக்கம் துடுப்புகளின் சத்தம் நின்றது. ஒரே நேரத்தில் எல்லாத் துடுப்பும் நின்றால் அது எப்படிக் கேட்கும் என்று நீங்கள் நினைத்துப் பாருங்கள். பொரிகிற சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. அப்புறம் ஒரு துடுப்பு நகர்ந்தது. அது குஞ்சம்மாளுடையது என்று மணிமொழிக்குப் பார்க்காமலே தெரிந்தது. தட்டில் ஒட்டிக்கொண்டதைச் சுரண்டுகிற, நிதானமான, எதையும் கேட்காத சத்தம்.

கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் பையில் இருந்தது. எடுத்து நீட்டினால் காசிநாதன் போட்டுவிடுவார். இளஞ்செழியன் சந்தோஷப்படுவார். வெற்றிவேல் நல்ல பையன்தான், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் ஒட்டாமல் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவான். ஆனால் எத்தனை நாள்? அவள் திருநாவலூர் பஸ் ஏறிப் போன பிறகு, சித்திரை மாதம் வரும்போது? பையைத் திறக்கவில்லை. வெற்றிவேல் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது, "இரு வெற்றி" என்றாள். காசிநாதனைப் பார்க்காமல் கொட்டகைக்குள் போய், கயிற்றைப் பிடித்து இழுத்து, கொக்கியில் கட்டினாள். தகடு டங்கென்று திரும்பியது. குளிர் உள்ளே விழுந்தது.

"இன்னாம்மா பண்ற?"

"இன்னொரு எண்ணு இருக்குதுங்க. அதையும் பாத்துடுங்க."

அவர் பார்த்தார். அவள் திரும்பி வந்து அவர் கண் முன்னால் கணக்குப் போட்டாள்; கால்குலேட்டர் எதையும் மறைக்கவில்லை. மூன்று புள்ளி மூன்று, மூன்றாக இறங்கியது. இரண்டு புள்ளி ஒன்பதாயிற்று. இரண்டு புள்ளி எட்டுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"ஒரு மாசமா இப்படித்தாங்க ஓடிச்சி. நீங்க கேக்குறப்ப மட்டும் வெளிய திருப்பிக் காட்டினேன்."

காசிநாதன் கால்குலேட்டரை வாங்கிக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் மணிமொழிக்குப் பயமாக இருந்தது. "மூணு புள்ளி மூணுன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் கையெழுத்துப் போட்ருப்பேனே. இத்த ஏம்மா எங்கிட்ட சொல்ற?"

"தகட்ட ஒட்டச் சொல்லிட்டீங்களே."

"ஒட்டச் சொல்லலன்னா சொல்லியிருக்க மாட்ட."

அவர் சொன்னதை மறுக்க அவளுக்கு இஷ்டம் இல்லை. தெரிந்ததை மட்டும் சொன்னாள். "ரெண்டு புள்ளி எட்டுங்கிறது சூட்ட மட்டும் எண்ணுறது. அதே கரண்டுல கொட்டாய்க்குள்ள குளிரும் வுழுது. அதையும் சேத்தா நாலரைக்கு மேல வருதுங்க."

"குளிர வெச்சி நான் இன்னாம்மா பண்றது? ஜவ்வரிசி காயுமா அதுல?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராணியம்மாள் கேட்டாள். அவள் வேலையை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. "ஆபீஸ் ரூமுல ஏசி போட்டுகீறீங்களே மொதலாளி, அதுல இன்னாத்த காய வெக்கிறீங்க?"

"ராணிம்மா, வாய மூடிக்கினு வேலயப் பாரு."

"பாத்துக்கினுதான் கீறேன். வாயி பாட்டுக்கு வாயி."

காசிநாதன் வேகமாகக் கொட்டகைக்குள் நடந்தார். கத்தப்போகிறார் என்று மணிமொழி நினைத்தாள். பின்னாலேயே ஓடினாள். ஆனால் உள்ளே போனவர் தட்டு வரிசைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அவர் அங்கே வருவார், பார்ப்பார், போய்விடுவார். நின்றது இல்லை. விறகின் அனல் அவருடைய வெறுங்காலில் ஏறியது. ஒரு அடி பின்னால் வைத்தார். சட்டைக் காலரைப் பிடித்து உதறினார். குஞ்சம்மாள் துடுப்பைத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள். அவளுடைய வேலை போகுமா இருக்குமா என்பது இந்த மனிதர் கையில் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அங்க நிக்காதீங்க மொதலாளி, ஆவி அடிக்கும். இப்டி வாங்க" என்றாள். தான் நிற்கிற இடத்தை விட்டு விலகி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இங்கதான் காத்து வுழுது."

வந்து நின்றார். மேலிருந்து விழுந்த குளிர் அவருடைய வழுக்கையில் பட்டு, நெற்றியில் இறங்கி, மூக்குக் கண்ணாடியின் மேல் பட்டது. கண்ணை மூடினார். அவருடைய கழுத்திலிருந்த வேர்வை உலர்வதை மணிமொழி பார்த்துக்கொண்டே நின்றாள். வாசலில் வெற்றிவேல் வெல்டிங் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கால் மாற்றி நின்றான். மணிமொழியின் பைக்குள் போன் அதிர்ந்தது. இளஞ்செழியனாக இருக்கும். அவள் எடுக்கவில்லை. தட்டில் பொரிகிறது கருகிவிடும் என்று ராணியம்மாள் எட்டி, குஞ்சம்மாளுடைய பங்கையும் சேர்த்து ஒரு தள்ளுத் தள்ளினாள்.

காசிநாதன் கண்ணைத் திறந்தார். கையை உயர்த்திக் கொக்கியிலிருந்து நைலான் கயிற்றை அவிழ்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவிழ்த்தவர் விடவில்லை. கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். தகட்டின் கனம் கயிற்றை மேலே இழுத்தது. அவர் பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்வதற்காகத் தட்டின் பக்கம் ஒரு அடி வைத்தார். அவ்வளவுதான். குளிரில் நின்ற கண்ணாடியில் ஆவி வந்து படிந்தது. வில்லைகள் இரண்டும் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போயின. எதிரே நிற்கிற பெண்களில் ஒருத்தியும் அவருக்குத் தெரிந்திருக்க மாட்டாள். ஒரு கையில் கயிறு, இன்னொரு கை கண்ணாடியைத் துடைக்க வேட்டி நுனியைத் தேடிக்கொண்டிருந்தது. மேலே, பாதி தளர்ந்த கயிற்றில் தகடு இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நின்று கடகடவென்று அதிர்ந்தது. கொஞ்சம் குளிர் குஞ்சம்மாளின் மினுமினுத்த முன்னங்கையில் விழுந்தது. கொஞ்சம் வெளியே போய்த் தென்னை ஓலையை லேசாக அசைத்தது.